எஞ்சின் ஓடாத நாட்கள்

மரணக்கிணற்றின் உட்சுவரில், மேல் விளிம்புக்கு ஒரு முழம் கீழே, ஒரு வெறுங்கால் தடம் இருந்தது.

முந்தின நாள் அது இருக்கவில்லை. வசந்தினிக்கு அது நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அவளுடைய வேலை. ஒரு காட்சியை இன்று பாதியும் நாளை பாதியும் எடுத்தால், கதாநாயகியின் பொட்டும் வளையலும் பின்னால் தெரிகிற சுவரின் கறையும் இரண்டு நாளும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷொட் முடிந்ததும் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்வாள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். மானிப்பாயில் ஒரு ஸ்ரூடியோவில் பன்னிரண்டு வருடமாகக் கலியாணப் படங்களைத் திருத்தி வந்த கண் அவளுடையது. அந்தக் கண்ணை நம்பித்தான் இயக்குநர் ஜெயரூபன் அவளைக் கூப்பிட்டிருந்தான். அவள் வந்தது வேறு காரணத்துக்கு. படத்தின் கதாநாயகி அவளுடைய தங்கை கஜானி.

அச்சுவேலிக்கு வெளியே, வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டங்களை அடுத்த வெறுங்காணியில் கார்னிவல் இறங்கியிருந்தது. ராட்டினம், குதிரை வட்டம், பேய்வீடு, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த மரணக்கிணறு. தண்ணீர் இல்லாத, தரைக்கு மேலே நிற்கிற கிணறு. இருபத்தைந்து அடி உயரத்துக்குப் பலகைகளை நெடுக்காக நிறுத்தி, வட்டமாகச் சேர்த்து, இரும்பு வளையத்தால் இறுக்கியிருந்தார்கள். அதற்குள்ளே மோட்டார் சைக்கிள் சுவரில் ஏறிச் சுற்றிச் சுற்றி ஓடும். சனம் வெளிப்புறப் படியால் ஏறி, மேல் விளிம்பைச் சுற்றியுள்ள தட்டில் நின்று குனிந்து பார்க்கும். உட்சுவரில் மேலிருந்து கீழாக வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறி ஆறு பட்டைகள் பூசியிருந்தார்கள். அடியில் ஒரேயொரு சின்னக் கதவு. சாத்தினால் அதுவும் சுவரோடு சுவராகிவிடும்.

கார்னிவலில் பாடித் திரிகிற ஒரு பெண்ணின் கதைதான் படம். படம் முழுக்கப் பாட்டு. கடைசிப் பாட்டை ஸ்ரூடியோவில் பதியாமல் மரணக்கிணற்றின் அடியில் கஜானியை நிறுத்தி நேரடியாகப் பதிய வேண்டும் என்று ஜெயரூபன் ஒற்றைக்காலில் நின்றான். அங்கே குரலை விட்டால் பலகை அதை வாங்கி, சுற்றிக்கொண்டு மேலே கொடுக்கும். அதற்காக ஆறு நாட்களுக்குக் கார்னிவலையே வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ராட்டினம் நின்றது. ஜெனரேற்றர் காணியின் அந்தக் கரைக்குப் போனது. மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

கால் தடத்தின் விரல்கள் கீழ்நோக்கி இருந்தன. யாரோ வேலையாள் விளிம்பைப் பிடித்துத் தொங்கியிருப்பான், தொங்கினால் விரல் மேலேயல்லவா இருக்கும், சரி, ஏதோ செய்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வசந்தினி ஒரு மூங்கில் கம்பில் துணியைச் சுற்றி எட்டித் துடைத்தாள். துணி ஈரமானது. மூக்குக்கிட்டக் கொண்டுபோனாள். பாசி. ஆளில்லாத காணியில் பாழாய்க் கிடக்கும் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்த மணம்.

படியில் சந்தியோகு ஏறி வந்தார். மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர். அறுபது வயதிருக்கும். வலது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட பழைய தழும்பு பளபளத்தது.

“பிள்ளை, ஒரு பத்து நிமிசம் ஓடிப்போட்டு நிப்பாட்டுறன்.”

“ஏலாது ஐயா. நேற்றும் சொன்னனான்தானே. ரயர் அடையாளம் மாறினால் எடுத்த ஷொட்டோடை பொருந்தாது.”

“ஓடாமல் விடுறது சரியில்லை.”

“ஆறு நாள்தானே. நீங்களும் ஆறியிருங்கோவன்.”

அவர் கையை நீட்டினார். அவளுடைய கையிலிருந்த துணியை வாங்கினார். முகர்ந்தார். பிறகு அதை மடித்து, தாங்கமுடியாத பாரத்தைக் கொடுப்பதுபோல மெதுவாக அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அது படப்பிடிப்பின் இரண்டாம் நாள். அன்று முழுக்கச் சுவரில் வேறொன்றும் தெரியவில்லை. வசந்தினி அதை மறந்தே போனாள்.

மூன்றாம் நாள் காலை தட்டில் ஏறிக் குனிந்தவள் முதலில் கைபேசியில் படம் பிடித்தாள். தடங்கள் முதற்பட்டையிலிருந்து சரிந்து, இரண்டாவதைச் சுற்றி, மூன்றாவது பட்டையின் நடுவில் வந்து நின்றிருந்தன. இடது, வலது, இடது, வலது. ஆள் ஒருவர் தெருவில் நடந்து போனால் எவ்வளவு இடைவெளி விழுமோ அவ்வளவு இடைவெளி. கயிற்றில் தொங்கிக்கொண்டு அப்படி வைக்க முடியாது. அந்த உயரத்துக்கு உள்ளே ஏணியும் இல்லை.

ஒலிப்பதிவு செய்கிற லெனாட் சிரித்தான். “கார்னிவல் பெடியள் உங்களோடை சேட்டை விடுறாங்கள் அக்கா. பேய்வீட்டிலை வேலை செய்யிறவங்கள், வேற என்ன செய்வாங்கள்?” சொல்லிக்கொண்டே கம்பெடுத்து அவளுக்குத் துடைக்க உதவினான்.

ஆனால் அன்று பின்னேரம், கஜானி அடியில் நின்று பாடிக்கொண்டிருக்கையில், அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இரண்டு முறை கழற்றிப் பார்த்தான். ஷொட் முடிந்ததும் வசந்தினி அவனிடம் போனாள்.

“என்ன லெனாட்?”

“டக், டக் எண்டு ஒரு சத்தம் விழுது. பலகை வெயிலுக்கு நெளியுது போலை.” சற்று யோசித்தான். “தாளம் பிசகாமல் நெளியுது. அதுதான் விளங்கேல்லை.”

கஜானி வியர்வையைத் துடைத்தபடி கதவால் வெளியே வந்தாள். இருபத்திரண்டு வயது. முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது. “அக்கா, அதுக்குள்ளை பாட எவ்வளவு சுகமா இருக்குத் தெரியுமோ? ஆரோ கூட நிண்டு தாளம் போடுற மாதிரி.”

அம்மா இறந்தபோது கஜானிக்கு ஆறு வயது. வசந்தினிக்குப் பத்தொன்பது. பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிள் பாரில் வைத்துப் பாட்டு வகுப்புக்கு ஏற்றிப் போன நாட்களில், அந்தச் சின்ன முதுகு தன் நெஞ்சில் சாய்ந்து முணுமுணுக்கும் சுரங்களை வைத்தே பிள்ளைக்குக் காய்ச்சலா, கவலையா என்று வசந்தினி சொல்லிவிடுவாள். அந்தக் குரலில் இப்போது அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு சந்தோசம் இருந்தது. அது அவளைப் பயப்படுத்தியது.

நான்காம் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது வசந்தினி தனியே கதவைத் திறந்து கிணற்றின் அடிக்குப் போனாள். பெடியள் யாராவது சேட்டை விடுகிறார்களென்றால் இந்த நேரத்தில்தான் வருவார்கள், பிடித்துவிடலாம். கதவைச் சாத்திவிட்டு, காட்சிக்காக நடுவில் நிறுத்தியிருந்த பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

மேலே கூரையாகப் போட்ட படங்கின் கிழிசல்களால் வெயில் நீட்டு நீட்டாக இறங்கி, தூசியைக் கலக்கிக்கொண்டிருந்தது. பெற்றோலும் பழைய எண்ணெயும் வெந்த மரமும் கலந்து மணத்தன. வெளியே சோற்றுப் பார்சல் பிரிக்கிற சரசரப்பும், தூரத்தில் பஸ் ஹோர்ணும், எங்கோ ஒரு தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மெஷினின் துடிப்பும், காகமும் கேட்டன. பிறகு காகம் கேட்கவில்லை. மெஷின் கேட்கவில்லை. எப்போது நின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல ஒரு அமைதி. அதற்குள்ளே, தலைக்கு மேலே, முதுகுப் பக்கம்,

டக்.

அவள் திரும்பினாள்.

டக். டக்.

ஓட்டமில்லை. அவசரமில்லை. வீட்டுக்குள் நடக்கிற ஆளின் நடை. பலகை ஒவ்வொன்றும் பாரம் வாங்கி, முனகி, பாரம் இறக்கியது. சத்தம் அவளுக்கு இடதுபக்கம் போய், முன்னால் வந்து, வலதுபக்கம் போனது. ஒரு சுற்று. சுவரில் யாரும் இல்லை. வெயில் கோடுகளும் தூசியும்தான் இருந்தன. ஆனால் மூன்றாவது பட்டையின் வெள்ளையில், அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, பலகை கறுத்தது. ஐந்து சின்னப் புள்ளிகளும் குதிகாலும். காய்ந்த மரத்தில் ஈரம் ஊறுகிற விதமாக, உள்ளிருந்து வெளியே. அதற்கப்பால் இன்னொன்று. இன்னொன்று.

பாசி மணத்தது.

அவள் எழுந்து கதவை நோக்கி ஓடினாள். கதவு எந்தப் பக்கம்? எல்லாமே பலகை. எல்லாமே சிவப்பு, வெள்ளை. இரண்டு கையாலும் தடவிக்கொண்டே சுற்றினாள், சத்தமும் மேலே சுற்றியது, அவள் நின்றால் அதுவும் நின்றது.

வெளிச்சம் விழுந்தது. கதவு வெளியேயிருந்து திறந்தது.

“அக்கா? சாப்பிட வரேல்லையோ?” கஜானி.

வசந்தினி அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது தடங்கள் நான்காவது பட்டைக்கு வந்திருந்தன.

சந்தியோகு தன் கூடாரத்துக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றபோது நிமிரவில்லை.

“கீழை வருதோ?” என்று கேட்டார்.

“அது என்ன ஐயா?”

“எனக்குத் தெரியாது, பிள்ளை. எனக்கு முந்தி ஓடினவர் சிலாபத்து ஆள். அவர் எனக்கு ஒண்டும் விளக்கிச் சொல்லேல்லை. ஒருநாளும் ஓடாமல் விடாதை எண்டு மட்டும் சொன்னவர். மழை எண்டாலும் காய்ச்சல் எண்டாலும் பத்து நிமிசம் நான் ஓடுவன். எஞ்சின் சத்தத்துக்கு அது மேலை போயிடும். சும்மா விட்டால் இறங்கும்.” துணியில் கையைத் துடைத்தார். “இருபத்தாறு வருசத்திலை இவ்வளவு கீழை வந்ததில்லை. இப்பிடிச் சத்தமில்லாமல் அதைக் கிடக்க விட்டதும் இல்லை. அதுக்குள்ளை ஒருத்தரும் பாடினதும் இல்லை.”

ஓட விடாதவள் அவள்தான். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

“ஐயா, நாளைக்கு விடிய ஓடுங்கோ. ஒருத்தரும் வர முந்தி. அடையாளத்தை நான் துடைப்பன்.”

“ஓடிப் பாக்கிறன்,” என்றார். அந்தச் சொல்லில் இருந்த தளர்ச்சியை அவள் கேட்காததுபோல இருந்தாள்.

ஐந்தாம் நாள் விடிய வானம் சாம்பல் நிறத்தில் இருக்கும்போதே அவள் தட்டில் நின்றாள். கீழே சந்தியோகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தன்னுடைய வண்டியை உதைத்தார். கிணறு முழுவதும் உறுமியது. அடியில் இரண்டு வட்டம் போட்டு, தரையும் சுவரும் சேருகிற சரிவில் ஏறி, சுவரில் ஏறினார். ஆறாவது பட்டை. ஐந்தாவது. பலகைகள் அதிர, தட்டு அதிர, அவளுடைய பற்கள் அதிர, அந்த இரைச்சல் வயிற்றுக்குள் இறங்கியபோது நான்கு நாளாக இல்லாத நிம்மதி அவளுக்கு வந்தது. இதுதான் சரி. இந்தச் சத்தம் போதும்.

நான்காவது பட்டையில் அவர் தலையைத் தூக்கினார். முன்னால் எதையோ பார்த்தார். றோட்டில் குறுக்கே ஆள் நின்றால் பிறேக் பிடிப்பதுபோல, அந்தச் செங்குத்துச் சுவரில், பிறேக் பிடித்தார்.

விழுந்த சத்தம் பெரிதாக இருக்கவில்லை.

தொடை எலும்பு முறிந்திருந்தது. நாலுபேர் தூக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வானில் ஏற்றும்போது அவர் வசந்தினியின் சட்டைக் கையைப் பிடித்தார். உதடு காய்ந்திருந்தது.

“வழி விடேல்லை, பிள்ளை. மேலை போகேல்லை. நிண்டு பாத்தது.” மூச்சு வாங்கினார். “அந்தப் பிள்ளையை அதுக்குள்ளை விடாதை.”

வான் கதவு சாத்தப்பட்டது. அன்று படப்பிடிப்பு நின்றது. அடுத்த நாள்தான் கடைசி. அதற்கடுத்த நாள் கார்னிவல் கிளம்பிவிடும்.

ஜெயரூபன் கெட்டவனல்ல. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். படங்களைக் கேட்டான். அவள் கைபேசியை நீட்டினாள். எல்லாப் படத்திலும் தடம் இருந்தது. ஆனால் படத்தில் அது வெறும் ஈரக்கறைதான், சின்னத் திரையில் காலாகவும் தெரியலாம், கறையாகவும் தெரியலாம்.

“அக்கா, நீங்கள் நாலு நாளா நித்திரை கொள்ளேல்லை எண்டு கஜானி சொன்னவ,” என்றான். குரலில் அன்பு இருந்தது. “ஒரேயொரு ஷொட். நாலு நிமிசம். அது இல்லாட்டி எனக்குப் படம் இல்லை. மூண்டு வருசம் அக்கா.”

“எஞ்சினை ஓட விட்டிட்டு எடு. பாட்டைப் பிறகு பதி.”

“அந்தக் குரலைப் பிறகு எங்கை தேடிப் பிடிக்கிறது?”

கஜானி அதைவிட மோசம். இருவரும் தங்கியிருந்த வீட்டின் குசினியில், தேத்தண்ணியை வைத்துவிட்டு, முதன்முறையாக அக்காவிடம் குரல் உயர்த்தினாள்.

“பத்து வருசமா ஆற்றையோ பாட்டுக்குப் பின்னாலை நிண்டு பாடினன். கோயிலிலை, கலியாண வீட்டிலை, எல்லா இடத்திலையும் மற்றவைக்குப் பின்னாலை. எனக்கெண்டு ஒரு பாட்டு இப்பதான் வந்திருக்கு. அதை விட்டிட்டு வா எண்டு நீங்களே சொல்லுறியளோ?”

“நீ வேற எங்கையும் பாடு. அதுக்குள்ளை மட்டும் வேண்டாம். நான் உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

கஜானி அக்காவின் தோளில் கைவைத்தாள். பிறகு சமாதானப்படுத்துகிறவள்போலச் சொன்னாள், “பயப்பிடாதையுங்கோ அக்கா. அது ஒண்டும் செய்யாது. அதுக்குப் பாட்டுப் பிடிக்கும்.”

வசந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். “எது?”

கஜானி சற்றுக் குழம்பினாள். தான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாததுபோல இருந்தது. “கிணறு,” என்றாள். “கிணற்றைச் சொன்னன்.”

ஆறாம் நாள் பின்னேரம் நான்கு மணி. அச்சுவேலியிலிருந்து வந்த அறுபது பேர் பார்வையாளர்களாக மேலே தட்டில் நிரம்பியிருந்தார்கள். பெண்கள் மல்லிகை வைத்திருந்தார்கள். ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் கம்பிக்கு இடையால் எட்டிப் பார்த்தன. கதவுக்கு வெளியே ஒரு வாங்கில் கஜானி இருந்தாள். சலங்கை கட்டுவது வசந்தினியின் வேலை. முந்தாநாள் எத்தனையாவது கண்ணியில் கட்டினாளோ அதே கண்ணியில் கட்ட வேண்டும்.

அவள் தங்கையின் காலைத் தன் மடியில் எடுத்தாள். உள்ளங்கால் ஈரமாக இருந்தது.

“கால் கழுவினனியோ?”

“இல்லையே.”

வசந்தினி சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடம் மீண்டும் ஈரமானது. விரலிடுக்கில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் அந்தக் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், விடவில்லை.

“வா போவம். இப்பவே. பஸ் நிக்குது.”

“அக்கா, நோகுது.”

“கஜானி.”

“ரெடியா?” என்று ஜெயரூபன் மேலேயிருந்து கேட்டான். கஜானி காலை இழுத்துக்கொண்டாள். எழுந்தாள். சலங்கை ஒலிக்க உள்ளே போனாள். யாரோ கதவைச் சாத்தினார்கள்.

வசந்தினி படியால் மேலே ஓடினாள். அவள் சனத்தை இடித்துக்கொண்டு கம்பிக்கு வந்தபோது ஒருவரும் பேசவில்லை. அறுபது பேரும் மூச்சை அடக்கி நின்றார்கள். அடியில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கஜானி, தலையைச் சற்றுத் தாழ்த்தி, தொடங்கினாள்.

*ஊரெல்லாம் போனபின்னும் ஓயாத ராட்டினமே,*
*ஏறினவர் எல்லாரும் இறங்கினரோ சொல்லு.*

குரல் பலகையில் பட்டு, சுழன்று, வெதுவெதுப்பான காற்றுப்போல மேலே வந்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். லெனாட் தட்டின் ஒரு ஓரத்தில் ஹெட்போனை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய முகம் வெளிறியிருந்தது. அவன் வசந்தினியைப் பார்த்தான். தலையை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தான். இது பலகை இல்லை.

ஐந்தாவது பட்டையில் ஒரு தடம் ஊறியது.

அடுத்தது. அடுத்தது. தாளத்துக்கு.

பாட்டு ஒரு அடி முடிய, அது கால் சுற்று வந்தது. ஐந்தாவது பட்டை முடிந்தது. ஆறாவதற்குச் சரிந்தது. வசந்தினி பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்துக் காட்டினாள். “பாருங்கோ, அதைப் பாருங்கோ.” அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்து அவளை அடக்கினாள். சனம் கஜானியைத்தான் பார்த்தது. சுவரை யார் பார்ப்பார்கள்?

அவள் இறங்கி ஓடினாள். படியில் சறுக்கி முழங்கால் அடிபட்டது. எழும்பினாள். கதவை இழுத்தாள். உள்ளே விழுந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

மேலே ஜெயரூபன் என்னவோ கத்தினான். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டான். கமெரா ஓடிக்கொண்டிருந்தது.

கஜானி அவளைப் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது. பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரிலிருந்து சரிவுக்கு, சரிவிலிருந்து தரைக்கு, ஈரம் இறங்கியது.

இடது.

வலது.

கஜானியின் குதிக்குப் பின்னால் வந்து இரண்டு காலும் சேர்ந்து நின்றன.

எஞ்சின். சந்தியோகு சொன்னது அது ஒன்றுதான். வசந்தினி மோட்டார் சைக்கிளில் பாய்ந்தாள். சாவி இருந்தது. திருப்பினாள். உதைத்தாள். ஒன்றுமில்லை. உதைத்தாள். செருப்புக் கழன்றது. வெறுங்காலால் உதைத்தாள். உள்ளங்கால் கிழிந்தது. உதைத்தாள்.

பற்றியது.

கைப்பிடியை முழுதாக முறுக்கினாள். இரைச்சல் கிணற்றை நிறைத்தது. பாட்டு அழிந்தது. படங்கு துடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினாள், போ, போ, போ என்று தொண்டை கிழியக் கத்தினாள், அந்தக் கத்தல் அவளுக்கே கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது தரையில் ஈரம் இல்லை. போய்விட்டது. மேலே போய்விட்டது. அவள் அழுதபடி தங்கையின் கையைப் பிடிக்கத் தன் இடதுகையை நீட்டினாள்.

கஜானி அங்கே இல்லை.

மேலே சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை, கைகள் மட்டும் அசைந்தன. ஒரு குழந்தை சுவரைக் காட்டிச் சிரித்தது. வசந்தினி நிமிர்ந்தாள்.

முதலாவது பட்டையில் கஜானி நடந்துகொண்டிருந்தாள்.

கயிறில்லை. கம்பியில்லை. அவளுடைய உள்ளங்கால்கள் சுவரில் பதிந்திருந்தன, உடம்பு சுவரிலிருந்து நேராக நீட்டி நின்றது. பின்னல் நிலத்தை நோக்கித் தொங்கவில்லை. தெருவில் நடக்கும்போது எப்படிக் கிடக்குமோ அப்படியே முதுகோடு கிடந்தது. சுற்றினாள். எஞ்சின் இரைய இரைய, விளிம்பை ஒட்டி, மேலே மேலே ஒதுங்கிச் சுற்றினாள்.

கைதட்டல் குறைந்தது. கம்பியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

வசந்தினியின் கை தளர்ந்தது. எஞ்சின் இறங்கியது. கஜானி ஒரு பட்டை கீழே வந்தாள். அவளுடைய முகம் தெரிந்தது. வசந்தினியின் கை தானாக முறுக்கியது. முகம் மேலே போனது.

தன் கையை அவள் பார்த்தாள். துரத்தியது அந்தக் கை. தன் பிள்ளையைத் துரத்தியது.

தளர்த்தினாள். முறுக்கினாள். தளர்த்த முடியவில்லை. விட முடியவில்லை. பெற்றோல் மணத்தது, பாசி மணத்தது. கஜானியின் உதடுகள் அசைந்தன. அது பாட்டில்லை. இரண்டே அசைவு. வாய் திறந்து மூடி, திறந்தது. பதினாறு வருடமாகக் காய்ச்சலிலும் இருட்டிலும் கேட்ட சொல். சத்தமில்லாமலே அவளுக்கு விளங்கியது.

அவள் சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் நின்றது.

மேலே தட்டில் ஒருவரும் இல்லை. படியில் ஓடுகிற காலடிகள். தூரத்தில் ஒரு பிள்ளையின் அழுகை. பிறகு அதுவும் இல்லை. சலங்கை ஒலித்தது. ஒரு சுற்று. இரண்டாம் சுற்று. சலங்கையோடு ஒட்டி, அதே அடிக்கு, சலங்கையில்லாத இன்னொரு கால்.

“வா,” என்றாள் வசந்தினி. “அக்கா இஞ்சைதான் நிக்கிறன். வா.”

கஜானி இறங்கி வந்தாள். இடதுகை பக்கவாட்டில் சற்றுத் தாழ்ந்திருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல விரல்கள் நெருங்கி, நுனிகள் இரத்தமில்லாமல் வெளுத்திருந்தன. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டி, நிலத்தில் விழாமல், சுவரில் விழுந்தது. வலதுகையை அவள் அக்காவை நோக்கி நீட்டினாள். சிரித்தாள். அவளுக்கு முன்னால், வசந்தினியின் முகத்துக்கு நேரே இருந்த பலகை மெல்லக் கறுத்து, ஐந்து விரலும் ஒரு குதியுமாக ஊறியது. பிறகு அதன் பக்கத்தில் மற்றது. பலகை பாரம் வாங்கி முனகியது.

வசந்தினி தங்கையின் கையை நோக்கித் தன் கையை உயர்த்தினாள்.